உயிரிழப்பு வழக்கும் ஈராண்டு எல்லையும்

பதுளை மாவட்டத்திலே, பண்டாரவளைக்கும் கொஸ்லந்தைக்கும் இடைப்பட்ட மலைச்சரிவில் அமைந்துள்ளது பூனாகலை. தேயிலையும் லயங்களும் நிறைந்த இப்பகுதியில் மரணம் பல வழிகளில் வருவதுண்டு. கொழுந்து பறிப்போரைக் குளவி கொட்டும். மழைக்காலத்தில் மரம் முறிந்து விழும். தொழிற்சாலை இயந்திரத்தில் கை அகப்படும். சில வேளைகளில் மலையே சரிந்து விழும். இவற்றுள் சில இயற்கையின் செயல். வேறு சில, கவனிக்க வேண்டியவர்கள் கவனியாது விட்டதனால் நேர்பவை. பிறர் குற்றத்தால் ஒருவர் உயிரிழந்தால், அவரை நம்பி வாழ்ந்தோர் நட்டஈடு கோரி வழக்கிடலாம் என்பது இலங்கைச் சட்டம். ஆயினும் அவ்வழக்கைக் குறித்த காலத்துக்குள் தொடுத்தல் வேண்டும். காலம் கடந்தால், வழக்கு எத்துணை நியாயமானதாயினும் அக்குறையை எதிராளி எடுத்துக்காட்டி விலக்கிவிடலாம். இந்தக் கால எல்லை எங்கிருந்து வந்தது, தோட்டத்து மக்களுக்கு அது எவ்வாறு பொருந்திற்று என்பவற்றை இன்று ஆராய்வோம்.

கணவன் கொலையுண்ட செய்தி கேட்ட கண்ணகி, அரசவை சென்று வழக்குரைத்தாள் என்பதை நாம் அறிவோம். அவள் கேட்டது நீதி. பொருளாக ஈடு கேட்டாள் அல்லள். இறந்தவருக்காகப் பொருள் ஈடு கேட்கும் உரிமை உலகச் சட்டங்களில் மெல்ல மெல்லவே இடம் பெற்றது. பண்டை உரோமாபுரியின் அக்குவிலியாச் சட்டம், பிறனுடைய அடிமையைக் கொன்றவன் அவ்வடிமையின் விலையைக் கொடுக்க வேண்டும் என்றது. ஆனால், சுதந்திர மனிதன் கொல்லப்பட்டால் அச்சட்டத்தின்கீழ் அவன் குடும்பத்தார் ஈடு கேட்க வழியில்லை. சுதந்திர மனிதனின் உடலுக்கு விலை மதிக்க இயலாது என்பதே காரணம். உயர்ந்த கொள்கைதான், ஆனால் விதவையின் அடுப்பு அதனால் எரியவில்லை.

இங்கிலாந்தின் நிலையும் ஏறத்தாழ அவ்வாறே இருந்தது. 1808 ஆம் ஆண்டில் குதிரை வண்டி ஒன்று கவிழ்ந்து, அதில் சென்ற பெண் சில வாரங்களின் பின் இறந்தாள். கணவன் வழக்கிட்டான். அவள் உயிரோடிருந்த நாட்களுக்கு மட்டுமே நீதிமன்றம் ஈடு வழங்கிற்று. மரணத்தைக் குறித்து வழக்கே இல்லை என்றுரைத்தது. புகைவண்டிப் பாதைகள் பெருகி விபத்துகளும் பெருகிய பின்னரே, 1846 இல் கம்பல் பிரபுவின் சட்டம் இறந்தவரின் குடும்பத்துக்கு வழக்குரிமை அளித்தது. அதே சட்டம் பன்னிரண்டு மாதம் என்ற எல்லையையும் விதித்தது. அவ்வெல்லை மூன்று ஆண்டுகளாக நீண்டது 1954 இல்.

நம் நாட்டுக்கு உரிமை வந்த வழி வேறு. ஒல்லாந்து தேசத்துச் சட்ட அறிஞர் கிரோசியசு, சிறையில் இருந்தபோது எழுதி 1631 இல் வெளியிட்ட நூலிலே, ஒருவனைக் கொன்றவன் அவனது உழைப்பால் வாழ்ந்த மனைவிக்கும் மக்களுக்கும் ஈடு செய்யக் கடமைப்பட்டவன் என்று கூறினார். உரோமச் சட்டம் விட்ட குறையை ஒல்லாந்தர் வழக்கம் இவ்வாறு நிறைவு செய்தது. 1658 முதல் 1796 வரை இலங்கையின் கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தர் இச்சட்டத்தை இங்கே நிறுவினர். பின்வந்த பிரித்தானியர் 1799 ஆம் ஆண்டுப் பிரகடனத்தால் அதனைத் தொடரவிட்டனர். ஊவா அக்காலத்தில் கண்டி இராச்சியத்தின் பகுதி. ஒல்லாந்தர் ஆட்சி அம்மலைகளை எட்டவே இல்லை. கண்டி இராச்சியம் 1815 இல் வீழ்ந்தது. 1852 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், கண்டிச் சட்டம் மௌனமாயிருக்கும் இடங்களில் கரையோரச் சட்டம் செல்லும் என்றது. ஒல்லாந்தர் ஆளாத மலைநாட்டுக்கு ஒல்லாந்தர் சட்டம் வந்து சேர்ந்தது இவ்வாறேயாம்.

உரிமை வந்தபின் எல்லையும் வந்தது. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் வழக்குகளுக்குத் தவணை குறித்தது. காணி ஆட்சிக்குப் பத்து ஆண்டு. எழுத்து மூல உடன்படிக்கைக்கு ஆறு ஆண்டு. வாய்மொழி உடன்படிக்கைக்கு மூன்று ஆண்டு. இழப்பு, ஊறு, சேதம் ஆகியவற்றுக்கு இரண்டு ஆண்டு. தொழிலாளியின் கூலிக்கு ஓர் ஆண்டு. பிறர் குற்றத்தால் நேர்ந்த மரணத்துக்கான ஈட்டு வழக்கு அந்த இரண்டாண்டுப் பிரிவில் அடங்கும். நிலம் உடையவனுக்குப் பத்து ஆண்டும், உழைப்பை மட்டும் உடையவனுக்கு ஓர் ஆண்டும் என்ற இந்த வரிசையிலே அக்காலச் சமுதாயத்தின் சாயலை நேயர்கள் காணலாம்.

எல்லை விதிப்பதற்கு நியாயம் இல்லாமலில்லை. சாட்சிகள் இறந்துபோவர்; நினைவு மங்கும்; பத்திரங்கள் தொலையும். எதிர்வழக்காடுபவனும் வாழ்நாள் முழுதும் அச்சத்தோடு இருத்தல் ஆகாது. இக்கருத்தினாலேயே உரோமப் பேரரசன் இரண்டாம் தியோதோசியசு, கி. பி. 424 இல் பெரும்பான்மையான வழக்குகளுக்கு முப்பது ஆண்டு எல்லை வகுத்தான். ஆனால் எல்லை நியாயமாக இருக்க வேண்டுமாயின், அந்தக் காலத்துக்குள் நீதிமன்றத்தை அடையும் வழி எல்லாருக்கும் இருத்தல் வேண்டும்.

1871 இல் ஊவாவின் மலைகளில் கோப்பி பயிராகிய காலம். தொழிலாளர் ஊழிய ஒப்பந்தத்தை ஒழுங்குசெய்த 1865 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், வேலையை விட்டு நீங்கியவரைச் சிறைக்கு அனுப்பவும் இடமளித்தது. பதுளைக்குப் புகைவண்டி வந்ததோ 1924 இல். தோட்டத்தில் நிகழும் மரணத்தைப் பதிவாளருக்கு அறிவிக்கும் பொறுப்பும் தோட்டத்துரையிடமே விடப்பட்டிருந்தது. விபத்துக்குப் பொறுப்பாளி யாரென்ற கேள்வி எழும்போது எதிர்ப்பக்கத்தில் நிற்கக்கூடியவர் கையிலேயே முதற் பத்திரம் இருந்தது என்பதை இங்கே கவனித்தல் வேண்டும். திருமணம் பதிவு செய்யப்படாத குடும்பங்களில், தான் மனைவியே என்று மெய்ப்பிக்கும் சுமையும் விதவைமேல் விழுந்தது. இவை யாவும் ஒன்றுசேர, இரண்டாண்டு என்பது ஏட்டளவில் ஒன்றாகவும் லயத்தில் வேறொன்றாகவும் இருந்தது.

இந்நிலையை ஓரளவு மாற்றியது 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். வேலையின் நிமித்தம், வேலை நேரத்தில் நேர்ந்த விபத்தால் ஒருவர் இறந்தால், முதலாளியின் குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டிய தேவையின்றியே குடும்பத்தார் ஆணையாளரிடம் ஈடு கேட்கலாம். இதற்கும் காலம் உண்டு; விபத்தை உடனே அறிவித்தல் அவசியம். இன்னொரு வாயில், பொலிசு முதலிய அரச அதிகாரத்தால் நேரும் மரணங்களைப் பற்றியது. 1978 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரை, அடிப்படை உரிமை மீறல் மனுவை ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும் என்கிறது. பாதிக்கப்பட்டவரே இறந்துவிட்டால் அவர் மனைவி மனுச்செய்யலாமா என்ற கேள்விக்கு, காவலில் இறந்த ஒருவரின் விதவை தொடுத்த வழக்கிலே, ஆம் என்று உயர் நீதிமன்றம் விடையளித்தது. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது என்று 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் கூறுகிறது.

நெடுங்காலம், இறந்தவரின் வருமான இழப்புக்கே ஈடு கிடைத்தது, துயரத்துக்குக் கிடைக்கவில்லை. உழைத்துச் சம்பாதியாத குழந்தை இறந்தால் பெற்றோர் கேட்கக்கூடியது மிகக் குறைவு. ஒரு சிறுமியின் மரணம் பற்றிய வழக்கில் 2001 இல் வெளிவந்த தீர்ப்பு இக்குறையை நாடறியச் செய்தது. இறுதியில் 2019 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டம், அன்பும் பராமரிப்பும் துணையும் இழந்தமைக்கும் மனவேதனைக்கும் உறவினர் ஈடு கேட்க வழி செய்தது.

இனி, பூனாகலைக்கு அண்மையில் நிகழ்ந்ததைக் காண்போம். 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அவ்விடம் ஆபத்தானது என்று 2005 இலும் 2011 இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தும் மக்கள் அங்கேயே வாழ நேர்ந்தமைக்கு யார் பொறுப்பு என்பது நீதிமன்றம் ஆராயத்தக்க கேள்வி. ஆனால் சட்டத்தின் கடிகாரம் அன்றே ஓடத் தொடங்கிவிட்டது. பலருடைய உடல்கள் கிட்டவே இல்லை. உடல் இல்லாவிடில் மரணச் சான்றிதழ் பெறுவது அரிது. சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் பொதுவிதியோ, ஏழாண்டு செய்தியில்லாதவரையே இறந்தவராகக் கருத இடமளிப்பது. அரச அதிகாரிமேல் வழக்கிட வேண்டுமாயின், குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி ஒரு மாதம் முன்னதாக அறிவித்தலும் கொடுக்க வேண்டும். உயிர் தப்பியோர் தற்காலிக முகாமில் இருந்து புதிய வீடுகளைப் பெறுவதற்குள்ளேயே ஏறத்தாழ ஈராண்டு கழிந்தது. இறந்தோரைத் தேடிப் பிள்ளைகளைப் பார்த்துக் கூரைக்குக் காத்திருந்த காலமும், வழக்குத் தொடுக்கச் சட்டம் அளித்த காலமும் ஒன்றாகவே முடிந்தன. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலைத் தோட்டத்திலும் மண் சரிந்து பலர் வீடிழந்தனர். எனவே இது பழங்கதை அன்று.

கால எல்லை மனிதர் வகுத்தது, மாற்றவும் கூடியது. அண்டை நாடாகிய இந்தியாவை நோக்குவோம். 1855 ஆம் ஆண்டின் மரண விபத்துச் சட்டத்தின்கீழ் வழக்குக்கு ஓர் ஆண்டாக இருந்த எல்லையை, 1963 ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டாக்கியது. மோட்டார் விபத்துகளுக்கு 1988 இல் விதித்த ஆறு மாத எல்லை 1994 இல் நீக்கப்பட்டு, 2022 ஏப்பிரலில் மீண்டும் வந்தது. நம் நாட்டிலும், போரினால் நீதிமன்றம் செல்ல இயலாதவர்களின் காணி வழக்குகளுக்காக 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் கடிகாரத்தை நிறுத்தியது. கொள்ளைநோய்க் காலத்துக்காக 2021 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டம் தவணைகளைத் தளர்த்தியது. 2004 ஆழிப்பேரலையின் பின், உடல் கிட்டாதோரின் மரணப் பதிவுக்கும் தனி ஏற்பாடு செய்யப்பட்டது. போருக்கும் நோய்க்கும் கடலுக்கும் இரங்கிய சட்டம் மலைச்சரிவுக்கும் இரங்கலாகாதோ? அனர்த்தம் நிகழ்ந்த பிரதேசத்தார் முகாமில் இருக்கும் காலத்தை ஈராண்டுக் கணக்கிலிருந்து விலக்கும் ஒரு சிறு திருத்தம் போதுமானது.

அத்திருத்தம் வரும்வரை, அறிவே துணை. தோட்டத்தில் விபத்தால் மரணம் நேர்ந்தால், காரியங்கள் முடியட்டும் என்று காத்திராமல், திடீர் மரண விசாரணை அதிகாரியிடமோ நீதவானிடமோ குடும்பத்தார் தம் வாக்குமூலத்தைத் தமிழிலேயே பதிவு செய்யும்படி கேட்க வேண்டும். விசாரணை அறிக்கைக்கும் மரணச் சான்றிதழுக்கும் பிரதி பெற வேண்டும். விபத்தைத் தோட்ட நிர்வாகத்துக்கு எழுத்தில் அறிவித்து அதன் பிரதியை வைத்திருத்தல் நன்று. சட்டத்தரணிக்குப் பணம் இல்லாதோருக்காக, 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அரச அதிகாரிகளின் செயலால் நேர்ந்த மரணமாயின் ஒரு மாதம், ஏனைய குடியியல் வழக்காயின் இரண்டு ஆண்டு என்பதை வீட்டில் ஒருவரேனும் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். முப்பத்தோராம் நாள் கிரியைக்கு நாள் குறிக்கும் அதே தாளில் இந்த நாட்களையும் குறித்து வைப்பது, இறந்தவருக்குச் செய்யும் கடமையுள் ஒன்றேயாகும்.