முப்பது நாள் கடிதம்: ஒரு விளக்கவுரை

டாக்கர் ஹப் என்பது மென்பொருள் பொட்டலங்களை வைத்து எடுக்கும் பொதுக் கிடங்கு. நிரலை எல்லோருக்கும் திறந்து வைக்கும் ஓப்பன் சோர்ஸ்காரர்கள் தாங்கள் எழுதியதை 'இமேஜ்' என்ற பொட்டலமாகக் கட்டி அங்கே வைப்பார்கள். உலகில் யாரும் அதை இழுத்துக்கொள்ளலாம். சிலர் சேர்ந்து ஒரே பெயரில் நடத்தும் அணிக் கணக்குகளும் அங்கே இலவசமாக இருந்தன. 2023 மார்ச் 14 அன்று அந்தக் கணக்குக்காரர்களுக்கு டாக்கர் நிறுவனத்திடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. கேளம்பாக்கம், சிறுசேரி பக்கத்துப் பிள்ளைகளுக்கு டாக்கர் சொல்லித்தருகிறவன் என்ற முறையில், அதன் சாரத்தைத் தமிழில் வைத்துப் பொருள் சொல்கிறேன்.

*இலவச அணிக் கணக்கு பழைய திட்டம், அதை முடித்துக்கொள்கிறோம்.*

'பழைய' என்ற சொல் யார் பக்கத்திலிருந்து பேசுகிறது என்று பார்க்க வேண்டும். விற்பவருக்கு அது விலைப்பட்டியலிலிருந்து எடுத்துவிட்ட சரக்கு. நேற்று இரவுகூட அந்தக் கணக்கில் புதிய பதிப்பை ஏற்றியவருக்கு அது இன்றைய வேலை.

*ஏப்ரல் 14க்குள் கட்டணத் திட்டத்துக்கு மாறுங்கள்.*

இப்படிக் கெடு வைப்பது சரியா என்று பார்க்க, மாமல்லபுரத்துக்கு வடக்கே தேவனேரி, பட்டிபுலம் பக்கம் சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே கடலுக்குப் போகும் ஒற்றையடிப் பாதைகளை நினைத்துக்கொள்ளுங்கள். தோப்பு ஒருவருடையது; நடப்பவர்கள் ஊர்க்காரர்கள். 1882ஆம் ஆண்டு ஈஸ்மெண்ட் சட்டம் இதை இரண்டாகப் பிரிக்கிறது. இருபது ஆண்டு தடையில்லாமல், உரிமையோடு நடந்திருந்தால் அது பாத்தியதை. வேலி போட முடியாது. உடையவர் சம்மதித்ததால் நடந்திருந்தால் அது வெறும் அனுமதி. அதை அவர் திரும்பப் பெறலாம். அதற்கும் 60ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது: அனுமதியை நம்பி ஒருவர் செலவு செய்து நிலையான கட்டுமானம் எழுப்பியிருந்தால், திரும்பப் பெற முடியாது. 63ஆம் பிரிவு, வெளியேறவும் சாமான்களை எடுத்துக்கொள்ளவும் நியாயமான அவகாசம் தரச் சொல்கிறது.

அந்தச் சட்டம் மண்ணுக்கும் மனைக்கும் உரியது, சர்வருக்கு அல்ல. ஆனால் அதன் இரண்டு கேள்விகளும் இங்கே அப்படியே நிற்கின்றன. நம்பிக் கட்டியவர் இருக்கிறாரா? அவகாசம் போதுமா? சம்பளம் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மென்பொருளைப் பார்த்துக்கொள்பவருக்கு, பணம் திரட்டவோ இடம் மாறவோ ஒரு மாதம் போதாது. செயலிகளை இயக்க இடம் தரும் ஹெரோக்கு நிறுவனம் 2022 ஆகஸ்டில் இலவசத் திட்டத்தை நிறுத்துவதாக அறிவித்தபோது நவம்பர் 28 வரை மூன்று மாதம் தந்தது. அதுவே பலருக்கு நெருக்கடிதான்.

*மாறாவிட்டால் உங்கள் தரவு நீக்கப்படலாம்.*

கடிதத்தின் முள் இதுதான். என் மேசையில் ஒரு லேப் மேனுவல் இருக்கிறது; திருப்போரூரில் ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் பைண்டிங் போட்டது. முதல் பயிற்சியின் முதல் வரி எந்த இமேஜை இழுப்பது என்று சொல்வது: 'ஃப்ரம்' என்று தொடங்கி, ஓர் அணியின் பெயர், சாய்கோடு, இமேஜின் பெயர். இப்படி எத்தனை கையேடுகளில், எத்தனை கம்பெனிகளின் நிரல்களில் அந்தப் பெயர் உட்கார்ந்திருக்கிறது என்பது அணிக்காரருக்கே தெரியாது. கணக்கு போனால் இவை அத்தனையும் உடையும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. காலியான பெயரை வேறொருவர் பதிந்துகொண்டு நஞ்சு கலந்த இமேஜை வைத்தால், பழைய வரியை நம்பும் கணினிகள் கேள்வி கேட்காமல் இழுத்துக்கொள்ளும். கடிதம் இதைப் பற்றிப் பேசவே இல்லை. இரண்டு நாள் கழித்து, மார்ச் 16 அன்று, நிறுவனம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. இமேஜ்களை அணிக்காரர்களே அழித்தால் ஒழிய அவை இருக்கும், காலியான பெயரை வேறு யாருக்கும் தரமாட்டோம் என்று அப்போதுதான் தெளிவுபடுத்தியது. முதல் கடிதத்திலேயே இருந்திருக்க வேண்டிய வரிகள் இவை.

*ஓப்பன் சோர்ஸ் ஆதரவுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம்.*

அந்த ஆதரவு எல்லோருக்கும் அல்ல; அதற்குத் தகுதி நிபந்தனைகள் இருந்தன. அவற்றுக்குள் வராதவருக்கு இந்த வழி திறக்காது.

கிடங்கை நடத்தும் செலவு பொய் என்று நான் சொல்லவில்லை. வட்டும் இணையப் போக்குவரத்தும் காசுதான். அதே நிறுவனம் 2020 நவம்பரில், கணக்கு இல்லாமல் இழுப்பவர்களுக்கு ஆறு மணி நேரத்தில் 100 இழுப்பு என்று வரம்பு வைத்தது. முன்கூட்டியே சொல்லிவிட்டு வைத்தது. அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த வரம்பு ஆளுக்கு அல்ல, ஐபி முகவரிக்கு. நம் பக்கத்துக் கல்லூரியில் ஒரே ஐபிக்குப் பின்னால் அறுபது பேர் உட்கார்ந்து ஆளுக்கு இரண்டு இமேஜ் இழுத்தால் 120. வகுப்பு பாதியில் நிற்கும்.

2023 மார்ச் 24 அன்று நிறுவனம் இலவச அணிக் கணக்கை நிறுத்தும் முடிவையே கைவிட்டது. இடைப்பட்ட பத்து நாளில் பணம் கட்டியவர்களுக்குத் திருப்பித் தருவதாகவும் சொன்னது. அதற்குள் சில அணிகள் கிட்ஹப் என்ற நிரல் தளத்தின் கிடங்குக்குப் பெயர்ந்துவிட்டன.

டாக்கர் ஹப் கிடங்கின் அடித்தளமான 'ரெஜிஸ்ட்ரி' மென்பொருளும் ஓப்பன் சோர்ஸ்தான். டாக்கரே எழுதி வெளியிட்டது. என் மேனுவலின் புதிய பதிப்பில் முதல் பயிற்சி மாறிவிட்டது. லேபின் மூலையில் இருக்கும் பழைய கணினியில் ரெஜிஸ்ட்ரியை நிறுவி, வேண்டிய இமேஜ்களை ஒருமுறை இழுத்து வைக்க வேண்டும். அறுபது பேரும் அதிலிருந்து எடுத்துக்கொள்வார்கள்.