திருவாபரணங்களின் நிறை

தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டுக்களைக் கற்கப் புகுவோர் பலர் போர்ச் செய்திகளையே நாடி, அணிகலப் பட்டியல்களை எளிதிற் கடந்து செல்வர். அடியேன் கருத்தில், அப்பட்டியல்களே அத்திருக்கோயிலின் அரிய நிதியம்.

முதலாம் இராசராசன் (985–1014), சேர பாண்டியரை வென்று கொண்ட பண்டாரங்களினின்றும் பெருமானுக்குப் பொன்னணிகள் வழங்கினான். அவன் தமக்கையார் குந்தவைப் பிராட்டியார், தாம் எழுந்தருளுவித்த உமாபரமேசுவரியார் திருமேனிகளுக்குத் திருமாலை, ஏகாவல்லி, வாளி, திருக்கைக்காறை, திருவடிக்காறை, மோதிரம் முதலாயின அளித்தார். சோனகச் சிடுக்கு என்றோர் அணியும் கல்வெட்டில் வருகிறது. சோனகர் என்பார் அரபு நாட்டு வணிகர். அவர்தம் வேலைப்பாடும் நம் பெருமான் சந்நிதியை அடைந்தமைக்கு அப்பெயரே சான்று.

பொன் நிறுத்த கல்லின் பெயர் ஆடவல்லான். மணி நிறுத்த கல்லின் பெயர் தட்சிணமேருவிடங்கன். இரண்டும் இறைவன் திருநாமங்களே. அவன் பெயர் தாங்கிய கல்லை வைத்துக் கொண்டு எவன் நிறை குறைப்பான்! இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு என்னும் வாய்பாட்டில் ஒவ்வோர் அணியும் நிறுக்கப்பட்டது. மணிகளைப் பொன்னிற் பதிக்க இட்ட அரக்கும், கோத்த நூலும், உள்ளிருந்த செப்பாணியும் அந்நிறையில் அடங்கியுள்ளன என்பதையும் மறையாது வெட்டினர். இவற்றாலன்றோ அக்காலத் தட்டாரின் தொழில்முறை இன்று நமக்குப் புலனாகின்றது!

இதனினும் வியப்பு ஒன்றுண்டு. முத்துக்களை வட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, இரட்டை, சப்பத்தி, கறடு எனத் தரம் பிரித்தனர். வயிரங்களுள் முரிந்தன இவை, காகபிந்து என்னும் கரும்புள்ளியும் இரத்தபிந்து என்னும் செம்புள்ளியும் உடையன இவை என்று குற்றங்களையும் கூறினர். கொடுத்தவரோ மன்னர் குலத்தார். கொடை பெற்றவரோ எல்லாம் அறியும் இறைவர். இருந்தும் மாசுடைய மணியை மாசற்றதென்று எழுத அவர்தம் கை எழவில்லை. இதனை மன்னரின் செல்வப் பெருமிதம் என்பாருடன் அடியேன் உடன்படேன். பெருமிதம் பேசுவார் கறட்டு முத்தை எண்ணிக் காட்டார்.

அவ்வணிகள் இன்று நம் கண்முன் இல்லை, கல்லெழுத்தே எஞ்சியது.

குடமுழுக்குக் காணும் மெய்யன்பர்கட்கு அங்குள்ள மற்றொரு குறிப்பும் இன்பம் தருவதாம். 1010ஆம் ஆண்டில், தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில், விமானத்தின் உச்சியில் வைக்க மன்னன் ஒரு குடம் அளித்தான். குடத்தின் செம்பு 3083 பலம் என்றும், அதன்மேற் போர்த்த பொற்றகடு 2926½ கழஞ்சு என்றும் இரண்டையும் தனித்தனியே நிறுத்து எழுதியுள்ளனர்.