எயார் பிரையர் வாங்கினாலும் விறகடுப்பை இடிக்க வேண்டாம்



நோன்பு நெருங்கினால் நம்ம குறிஞ்சாக்கேணி, கிண்ணியாப் பக்கம் எயார் பிரையர் பேச்சுத்தான். எண்ணெயே இல்லாமல் பொரிக்குமாம் என்கிறோம். உண்மையில் அது பொரிப்பதில்லை, சூடான காற்றால் சுடுகிறது. அதன் வரலாறு தெரிந்தால் அதில் சமைப்பதும் இலகு.

1945 அளவில் அமெரிக்கரான வில்லியம் மெக்சன், விமானத்தில் உறைந்த உணவைச் சூடாக்க விசிறி வைத்த சிறிய அடுப்பொன்றைச் செய்தார். பல வருடங்களின் பின், எண்ணெயில் மூழ்காமலே உருளைக்கிழங்கை மொறுமொறுப்பாக்க நெதர்லாந்தின் பிரெட் வான் டெர் வெய் அதே வழியைப் பிடித்தார். 2010இல் பிலிப்ஸ் நிறுவனம் அதை பெர்லின் கண்காட்சியில் அறிமுகப்படுத்தியது.

வேலை செய்வது காற்று என்பதால் அது சுற்றிவர இடம் வேண்டும். சமூசாவை நெருக்கி அடுக்காமல், மேலே எண்ணெய் தடவி, பாதி நேரத்தில் பிரட்டி விட வேண்டும். கரைத்த மாவில் தோய்க்கும் பஜ்ஜி இதற்குச் சரிவராது. மாவு இறுகுமுன் வழிந்துவிடும்.

இனி நம்ம குசினியின் வரலாறு. மூன்று கல் அடுப்பு, மண்ணெண்ணெய் அடுப்பு, பிறகு கேஸ். கேஸ் வந்ததும் பல வீடுகளில் விறகடுப்பை இடித்தோம். 2021 கடைசியில் நாடெங்கும் கேஸ் அடுப்புகள் வெடித்தன. 2022 ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் 4,860 ரூபாய்; காசு இருந்தும் வரிசையில் நின்றோம். அதற்குச் சற்று முன், மார்ச் கடைசியில், கரண்ட் 13 மணித்தியாலம் வரை நின்றது. அந்த நாட்களில் பல வீடுகளில் சோறு வெந்தது விறகில்தான்.

அதன் பிறகு 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் ஏறியது. 1500 வாட் எயார் பிரையர் தொடர்ந்து அரை மணித்தியாலம் சூடாகினால் முக்கால் யூனிட். நோன்பு முப்பது நாளும் அப்படியென்றால் 22.5 யூனிட். பில் அடுத்த படிக்கு ஏறுமா என்று வாங்குமுன் பார்த்துக்கொள்வோம்.

எண்ணெய் குறைவது நல்லதுதான். கொழுப்பு, பிரஷர் உள்ள பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு இது உதவும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரே நெருப்பை நம்பிய வீடுகள் 2022இல் என்ன பாடுபட்டன என்பதை நாம் கண்டோம். எயார் பிரையரைப் பழகுவோம். கொல்லையில் விறகடுப்பும் இருக்கட்டும். அதை மூட்டுவதற்கு நம்ம ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் இப்போதே பழக்கி வைப்போம், இன்ஷா அல்லாஹ்.