ஷுயிச்சி கெஞ்சியும் கிரியே ஏன் ஊரை விட்டுப் போகல? ‘உஸுமாகி’ பதில் சொல்லாமல் விட்ட கேள்விகள்

ஊருக்குள் ஏதோ சரியில்லை என்று முதல் அத்தியாயத்திலேயே ஒரு பையனுக்குத் தெரிந்துவிடுகிறது. வா, ரெண்டு பேரும் இங்கிருந்து போயிடலாம் என்று காதலியைக் கூப்பிடுகிறான். அவள் சிரித்து மழுப்பிவிடுகிறாள். அடுத்த அறுநூற்றுச் சொச்சம் பக்கங்களுக்கு, படிக்கிற நமக்குத்தான் எரிச்சல். ‘போயேன்மா, இன்னும் என்ன பார்க்கணும் உனக்கு?’

ஜுன்ஜி இட்டோவின் ‘உஸுமாகி’ மங்காவைப் படித்து முடித்த யாரைக் கேட்டாலும் இந்தக் கேள்வி வரும். கூடவே இன்னொன்றும் வரும்: கடைசியில் அந்தச் சுருள் என்னதான்? இரண்டுக்கும் கதைக்குள் என்ன கிடைக்கிறது, என்ன கிடைக்கவில்லை என்று பார்க்கலாம்.

(முழுக்க ஸ்பாய்லர்தான். கதையில் தற்கொலை, உடல் சிதைவுக் காட்சிகளும் உண்டு. இனிமேல்தான் படிக்கப் போகிறீர்கள் என்றால் இங்கேயே நிறுத்திவிட்டு, படித்துவிட்டு வாங்க.)

கதை என்ன?

1998, 1999 ஆண்டுகளில் ஜப்பானின் ‘பிக் காமிக் ஸ்பிரிட்ஸ்’ வார இதழில் தொடராக வந்தது ‘உஸுமாகி’. 2000-ல் திரைப்படமானது. 2024-ல் நான்கு எபிசோட் கொண்ட கறுப்பு வெள்ளை அனிமேவாகவும் வந்தது. இரண்டாவது எபிசோடிலேயே படத்தின் தரம் இறங்கிவிட்டதாக ரசிகர்கள் கொதித்தது தனிக்கதை.

உஸுமாகி என்றால் சுருள், சுழல். கதை நடக்கும் கடலோர ஊரின் பெயர் குரோஸு. கருஞ்சுழி என்று சொல்லலாம். நமக்கு இந்தச் சொல் சட்டென்று புரியும். தண்ணீரிலும் சுழி, தலைமுடியிலும் சுழி, ஒருவனுக்கு நேரம் சரியில்லை என்றாலும் சுழி சரியில்லை என்போம். அந்த ஊரில் இது எல்லாமே ஒன்றாக நடக்கிறது.

ஷுயிச்சியின் அப்பா சுருள் வடிவப் பொருட்களைச் சேர்க்கத் தொடங்கி, கடைசியில் தன் உடம்பையே ஒரு வட்டத் தொட்டிக்குள் சுருட்டிக்கொண்டு செத்துப்போகிறார். அம்மாவுக்கு நேர் எதிர். சுருளைக் கண்டாலே பயம். கைரேகையும் சுருள்தானே என்று விரல் நுனிகளை வெட்டிக்கொள்கிறார். அதன்பிறகு ஊர் முழுக்கப் பரவுகிறது. மனிதர்கள் நத்தையாகிறார்கள், கலங்கரை விளக்கம் தானாக எரிகிறது, புயல் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது. அந்தப் பெண்தான் நம் கதாநாயகி கிரியே.

முதலில் ஷுயிச்சி

எல்லோரும் கிரியேவைத்தான் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது ஷுயிச்சியை என்பேன். அவன் படிப்பது பக்கத்து நகரத்தில். தினமும் ரயிலில் போய் வருகிறான். அதனால்தான் தன் ஊர் எவ்வளவு விசித்திரம் என்பது அவன் கண்ணுக்கு மட்டும் தெரிகிறது. ஒருநாள் திரும்பி வராமல் அங்கேயே இருந்திருந்தால் போதும், தப்பித்திருப்பான்.

ஏன் வந்தான்? முதலில் அம்மாவுக்காக. மனிதக் காதுக்குள்ளும் சுருள் வடிவில் ஒரு உறுப்பு உண்டு என்பது அம்மாவுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று மருத்துவமனையில் அவன் படும் பாடு, என்னைப் பொறுத்தவரை இந்த மங்காவின் மிகச் சோகமான இடம். அதில் பேய் இல்லை, ரத்தமும் இல்லை. உடம்புக்குள்ளேயே இருக்கும் ஒன்றை ஒரு மகன் எத்தனை நாளைக்கு மறைக்க முடியும்? தோற்றுப்போகிறான்.

அம்மா போன பிறகு அவனைக் கட்டிப்போட ஒன்றே ஒன்றுதான் மிச்சம், கிரியே. வீட்டுக்குள் முடங்கி, கண்ணில் குழி விழுந்து, பார்க்கவே பாதி பைத்தியம் மாதிரி ஆகிறான். ஆனால் அவள் முடி சுருண்டு சுருண்டு அவளையே ஆட்டிப்படைக்கும்போது கத்தரிக்கோலோடு வந்து நிற்பது அவன்தான். பயந்தாங்கொள்ளி என்று அவனைத் தள்ளிவிடும் வாசகர்கள் இந்த இடத்தை மறந்துவிடுகிறார்கள். ஊரிலேயே அதிகம் பயந்தவன்தான் ஊரை விட்டுப் போகாமல் இருந்தான்.

கிரியேவின் காரணம் இன்னும் எளிது

அவளுக்கு அப்பா, அம்மா, தம்பி எல்லோரும் அங்கேதான். அப்பா மண்பாண்டக் கலைஞர். ஊர்க்குளத்து மண்ணில்தான் அவர் வேலை செய்கிறார். இறந்தவர்களை எரித்த புகை சுருண்டு போய் இறங்குவதும் அதே குளத்தில்தான். பள்ளி மாணவி ஒருத்தி, காதலன் ஒரு மாதிரி பேசுகிறான் என்பதற்காகக் குடும்பத்தை விட்டுவிட்டு ரயில் ஏறுவாளா? நாம் ஏறுவோமா?

இட்டோ இங்கே ஒரு தந்திரம் செய்கிறார். அத்தியாயங்கள் தனித்தனிச் சிறுகதை போல இருக்கின்றன. ஒன்றில் கோரமாக யாரோ சாகிறார்கள், அடுத்ததில் கிரியே வழக்கம்போலப் பள்ளிக்கூடம் போகிறாள். ‘எழுத்தாளர் மறந்துட்டார்’ என்று சிலர் இதைக் குறையாகச் சொல்வதுண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. கெட்டது நடந்த மறுநாளும் காலையில் எழுந்து பல் தேய்க்கிறவர்கள்தான் நாம் எல்லோரும். ஒவ்வொரு சம்பவத்தையும் ‘இதோடு முடிஞ்சுது’ என்று நினைக்கிறவரை யாரும் பெட்டி கட்டமாட்டார்கள்.

அவள் கடைசியில் கிளம்பத்தான் செய்கிறாள். புயல்கள் ஊரைச் சிதைத்த பிறகு, ஷுயிச்சியோடும் தம்பியோடும் மலைவழியே தப்பிக்கப் பார்க்கிறாள். பாதை சுற்றிச் சுற்றித் திரும்ப ஊருக்கே கொண்டுவந்து விடுகிறது. தம்பி வழியிலேயே நத்தையாகிவிடுகிறான். அவர்களுக்குக் கொஞ்ச நாள்தான், ஊருக்குள்ளோ வருஷக்கணக்கில் காலம் ஓடிவிட்டிருக்கிறது. ஆக, ‘ஏன் போகவில்லை’ என்ற கேள்விக்கு இரண்டு பதில். கதவு திறந்திருந்தபோது அவளுக்குக் காரணம் போதவில்லை. காரணம் போதுமானபோது கதவு இல்லை.

சரி, அந்தச் சுருள் என்ன?

பேய்க்கதை என்றால் எங்கோ ஒரு பிளாஷ்பேக் வரும் என்று எதிர்பார்க்கிறோம். யாரையோ கொன்றிருப்பார்கள், சாபம் விட்டிருப்பார்கள், பரிகாரம் இருக்கும். ‘உஸுமாகி’யில் அந்த பிளாஷ்பேக் வரவே இல்லை. குளத்துக்கு அடியில் சுருள்களால் ஆன பிரம்மாண்டமான பழைய நகரம் ஒன்று இருக்கிறது என்பது மட்டும் தெரிகிறது. யார் கட்டியது? எதற்கு? பதில் இல்லை.

இணையத்தில் ஆளாளுக்கு ஒரு விளக்கம். சுருள் என்றால் மனநோய், சுருள் என்றால் சிறு ஊரின் மூச்சுமுட்டல், சுருள் என்றால் நுகர்வு வெறி. எல்லாமே ஓர் அத்தியாயத்துக்குப் பொருந்தும், அடுத்ததில் உடையும். உதாரணத்துக்கு, எல்லோரும் தன்னையே பார்க்க வேண்டும் என்று அலையும் அசாமி என்ற பெண்ணின் நெற்றித் தழும்பு சுருளாகி அவளையே விழுங்குகிறது. இது ஆசைக்குத் தண்டனை என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஷுயிச்சியின் அம்மா எதற்கு ஆசைப்பட்டார்? கிரியேவின் தம்பி என்ன தப்பு செய்தான்?

கதைக்குள் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான். சுருள் கண்ணை இழுக்கிறது. விரும்பிப் பார்த்தாலும் மாட்டுவீர்கள், பயந்து பார்க்காமல் இருந்தாலும் மாட்டுவீர்கள். அதற்குக் கோபமும் இல்லை, பழிவாங்கலும் இல்லை. வெள்ளம் யாரையும் பார்த்து வருவதில்லையே, அது மாதிரி.

இட்டோவுக்கு இது பழக்கம்தான். 1987-ல் தொடங்கிய அவரது முதல் படைப்பான ‘டோமியே’யில் வரும் பெண் எத்தனை முறை கொல்லப்பட்டாலும் திரும்ப வருகிறாள், ஏன் என்று சொல்லமாட்டார். ‘அமிகாரா பிளவின் புதிர்’ சிறுகதையில் மலைப்பாறையில் மனித உருவில் ஓட்டைகள் இருக்கும். தன் உருவத்துக்குப் பொருந்தும் ஓட்டையைப் பார்த்தவர்கள் தாங்களாகவே உள்ளே நுழைவார்கள். ஓட்டையைப் பற்றி நமக்கு எதுவும் தெரியாது, நுழைகிறவர்களைப் பற்றி நிறையத் தெரியும்.

கதையைச் சொல்வது யார், எங்கிருந்து?

பலர் கவனிக்காமல் விடும் புதிர் இது. முதல் பக்கத்தில் கிரியே தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, இந்த ஊரில் நடந்ததைச் சொல்கிறேன் என்று தொடங்குகிறாள். நடந்து முடிந்த கதையாகத்தான் சொல்கிறாள். ஆனால் கடைசிப் பக்கத்தில் அவள் தப்பிக்கவில்லை. குளத்தடி நகரத்தில் அப்பா அம்மாவைக் கல்லாகப் பார்க்கிறாள். ஷுயிச்சியைக் கண்டுபிடிக்கிறாள். அவன் அவளைப் போகச் சொல்கிறான். அவள் மறுத்து அவனைக் கட்டிக்கொள்கிறாள். இருவர் உடலும் முறுக்கிக்கொள்கின்றன, காலம் அங்கே நின்றுவிடுகிறது. அப்படியென்றால் முதல் பக்கத்துக் குரல்?

முடிவும் தொடக்கமும் ஒரே கணம் என்று அவளே கடைசியில் சொல்கிறாள். அடுத்த குரோஸு இந்த இடிபாட்டின் மேல் எழும், திரும்பவும் நடக்கும். கதையே ஒரு சுருள், கிரியே அதன் நடுப்புள்ளியிலிருந்து பேசுகிறாள் என்று படித்தால் முதல் பக்கம் பொருந்துகிறது. இது என் வாசிப்பு, இட்டோ அப்படி எழுதிவைக்கவில்லை.

அவர் எழுதிவைத்தது வேறு. புத்தகத்தின் பின்குறிப்பாகத் தன்னையே ஒரு காமிக் பாத்திரமாக வரைந்திருக்கிறார். சுருளின் ரகசியத்தைக் கண்டுபிடிக்கிறேன் என்று குளியல் தொட்டித் தண்ணீர் சுழன்று இறங்குவதை உட்கார்ந்து பார்க்கிறார், நத்தை வளர்க்கிறார். அத்தனை பேரைக் கொன்ற கதைக்குப் பிறகு வரும் அந்தச் சில பக்கங்களில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.