ரங்கூனில் கிழிந்த இறக்கை

போன வாரம் லண்டன் சயின்ஸ் மியூசியத்துக்குப் போயிருந்தேன். அங்கே பச்சைக் கலரில் ஒரு குட்டி விமானம். பேரு ஜேசன். ஏமி ஜான்சன்னு ஒரு அம்மணி 1930-ல் இதில்தான் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியா பறந்தாங்க. அப்படிப் பறந்த முதல் பெண். வழியில் ரங்கூன்லயும் இறங்கியிருக்காங்க. பாட்டி வாயில் தினம் கேட்ட ஊராச்சே, விடுவேனா? தேடிப் படிச்சேன்.

அப்போ அவங்களுக்கு வயசு 26. வக்கீல் ஆபீசில் டைப் அடிச்ச பொண்ணு. பைலட் லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகலை. அதுக்கு முன்னாடி பறந்த அதிகபட்ச தூரமே லண்டன்லேர்ந்து சொந்த ஊர் ஹல் வரைக்கும்தான். மே 5-ம் தேதி கிளம்பி ஆறே நாளில் கராச்சி! ஹிங்க்ளரின் சாதனையைவிட இரண்டு நாள் முன்னிலை.

மே 13. ரங்கூனில் கொட்டும் மழை. இறங்க வேண்டியது குதிரைப் பந்தய மைதானத்தில். அம்மணி இறங்கியதோ இன்செயினில், அரசு தொழில்நுட்பப் பயிலகத்தின் விளையாட்டு மைதானத்தில். அந்த விமானத்துக்கு பிரேக் கிடையாது. வாலுக்கு அடியில் இருக்கும் கட்டை தரையில் உரசித்தான் வேகம் குறையணும். ஈரப்புல்லில் எங்கே உரசும்? நேரா பள்ளத்தில் போய் விழுந்தது. புரொப்பெல்லர் உடைஞ்சது, இறக்கை கிழிஞ்சது.

புரொப்பெல்லருக்கு ஸ்பேர் கையோடு கொண்டுவந்திருந்தாங்க. இறக்கைக்கு? பயிலகத்துக்காரங்க கைகொடுத்தாங்க. முதல் உலகப்போரில் மிஞ்சின விமானத் துணியில் தைத்த சட்டைகளைக் கிழிச்சு ஒட்டுப் போட்டதா அவரைப் பற்றின புத்தகங்கள் சொல்லுது. 16-ம் தேதி ஜேசன் மறுபடி பறந்தது. 24-ம் தேதி டார்வின். சாதனை கைவிட்டுப் போச்சு, ஆனா உலகமே கொண்டாடியது.

எனக்கு உறுத்துவது வேற விஷயம். ஏமி கிளம்பின அதே மே 5 ராத்திரிதான் பெகுவில் பூகம்பம். நூற்றுக்கணக்கானோர் பலி, ரங்கூனிலும் சாவு. அவர் டார்வின் சேர்ந்த இரண்டாம் நாள், மே 26, ரங்கூனில் இந்தியர்களுக்கு எதிரான கலவரம். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தெலுங்குக் கூலிகள் உட்பட நூறு பேருக்கு மேல் செத்தாங்க. இரண்டுக்கும் நடுவில் மூணு நாள், அதே ஊர் யாரோ ஒரு பொண்ணோட இறக்கைக்குத் தையல் போட்டிருக்கு.

ஜேசன் மியூசியத்தில் பத்திரமா இருக்கு. தைத்த கைகளோட பேரும் தெரியலை, மூட்டை தூக்கினவங்க பேரும் தெரியலை.

உங்க வீட்டில் ரங்கூன் தாத்தா, பாட்டி இருந்தா கேட்டு எழுதுங்க மக்களே. எங்க பாட்டிகிட்ட நான் கேட்காமலே விட்டுட்டேன்.