பாலை

பாலை முதலில் ஒரு மரத்தின் பெயர். குறிஞ்சி, முல்லை போலத் திணைப் பெயராயிற்று. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்கிறது சிலப்பதிகாரம். மழை பொய்த்தால் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து மானாவாரிக் காடுகளுக்கும் அதே கதிதான்; பிழைப்புத் தேடி ஆட்கள் வெளியூர் போவார்கள். அந்த வறட்சிக்கு உரிய ஒழுக்கமாகப் பிரிவை வைத்தது, காதலைப் பாடும் அகமரபு.

காதல் என்பது உடல்வேட்கைக்கு இட்ட அலங்காரப் பெயர் என்பார் உண்டு. வெறும் வேட்கையென்றால், ஆள் கண்மறைந்ததும் அது வேறொருவரை நாடியிருக்கும். அகநானூற்றின் 400 பாடல்களில் 200 பாலைக்குரியவை. பெரும்பாலும் குறிப்பிட்ட ஒருவருக்கான ஏக்கமே அவற்றின் பொருள். புலவர் கற்பனை என்று இதைத் தள்ளலாம். ஆனால் கேட்போர் அறிந்த அனுபவத்தைத் தொடாத கற்பனை மரபாக நிலைப்பதில்லை. காதல் உண்டு என்பதற்குப் பிரிவே வலுவான சான்று.