பூட்டு போட்டவர்கள் போன பிறகு

காசு கொடுத்து வாங்கியவனுக்கு ஓடாத விளையாட்டு, திருட்டு நகல் வைத்திருந்தவனுக்கு ஓடுகிறது! கேட்க வேடிக்கையாக இருக்கலாம். 2015-ல் நடந்தது இதுதான்.

1990களின் கடைசியில் சிடி ரைட்டர் விலை இறங்கி வீடுகளுக்கு வந்துவிட்டது. ஒரு வெற்று சிடி போதும், நண்பன் வாங்கிய விளையாட்டு உங்களுக்கும் கிடைத்துவிடும். நிறுவனங்கள் பதறாமல் இருக்குமா? அந்த நேரத்தில் சந்தைக்கு வந்த பூட்டுதான் மேக்ரோவிஷனின் சேஃப்டிஸ்க்.

யோசனை என்னவோ கெட்டிக்காரத்தனமானதுதான். சிடி தயாரிக்கும்போதே சில இடங்களில் வேண்டுமென்றே பிழைகளை வைத்துவிடுவார்கள். சாதாரணமாக நகல் எடுத்தால் அந்தப் பிழைகள் சரியாக வராது. விளையாட்டைத் திறந்ததும் முதலில் அந்தப் பிழைகளைத்தான் தேடும். இருந்தால்தான் உள்ளே விடும். இதற்காக விண்டோஸின் அடிமட்டத்தில் செக்டிரைவ் என்றொரு டிரைவர் உட்கார்ந்திருந்தது.

இணையத்தில் இருந்த கிராக் குழுக்கள் இதையும் உடைத்தன. சிடி கேட்காத கோப்பு எங்கும் கிடைத்தது. சிடியில் கீறல் விழுந்துவிடுமே என்று பயந்து, காசு கொடுத்து வாங்கியவர்களே அதைத் தேடிப் போனார்கள்.

2008-ல் இன்னொரு கூத்து. ரெயின்போ சிக்ஸ் வேகாஸ் 2 விளையாட்டை இணையத்தில் காசு கட்டி இறக்கியவர்களிடம், ஒரு திருத்தத்துக்குப் பிறகு, அது சிடியைப் போடச் சொன்னது. இல்லாத சிடிக்கு எங்கே போவார்கள்? யூபிசாஃப்ட் ஒரு தீர்வுக் கோப்பு கொடுத்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே 'ரீலோடட்' என்ற கிராக் குழுவின் பெயர்!

செக்டிரைவில் ஓட்டை இருப்பது 2007-லேயே தெரிந்து, மைக்ரோசாஃப்ட் அதை அடைத்தது. 2015-ல் வந்த விண்டோஸ் 10-ல் சேஃப்டிஸ்க்குக்கு இடமே இல்லை. அதே செப்டம்பரில் வந்த ஒரு அப்டேட் விஸ்டா, 7, 8 ஆகியவற்றிலும் அதை முடக்கியது. பாதுகாப்புக் கணக்கில் அது சரியான முடிவுதான். ஆனால் பேட்டில்ஃபீல்டு 1942 போன்ற விளையாட்டுகளின் அசல் சிடி வைத்திருந்தவர்கள் கதி? கிராக் கோப்புதான். திருடனைத் தடுக்க வைத்த பூட்டில் மாட்டிக்கொண்டது வாங்கியவன்.

நூலகங்களுக்கும் இதே தலைவலி. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் 87 சதவீதம் இப்போது விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் கணக்குக் காட்டியது. அவற்றை ஆய்வாளர்கள் தொலைவிலிருந்தே இயக்கிப் பார்க்க நூலகங்கள் வழி செய்யலாமா என்ற கேள்வி அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்துக்குப் போனது. நிறுவனங்களின் சங்கம் எதிர்த்தது. 2024 அக்டோபரில் பதில் வந்தது: முடியாது. பார்க்க வேண்டுமானால் நூலகத்துக்கே நேரில் போக வேண்டும்.